கீழ் வரிசையில் விழுந்த சீட்டு

சேசு மரி சூசை துணை

கடலூர்
21 ஜூலை 2025

அன்பு பிரியாவுக்கு அண்ணி எழுதுவது.

நேற்று ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயிலில் இருந்தவர்கள்: பங்குத்தந்தை ஜேக்கப் சாமி, பங்குப் பேரவைச் செயலாளர் சார்லஸ், நம் தெருவின் பதினாறு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர். நம் வீட்டில் மட்டும் உன் அண்ணனும் நானும் என்று இரண்டு பேர், சீட்டு எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்ததால். நம் சபையைச் சேராத தங்கராசு அண்ணனும் உத்திராபதியும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வராதவர் யாரும் இல்லை. நீ இல்லை. உன்னை யாரும் கூப்பிடவும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

புது இடத்து மனைகளுக்குத் திருவுளச் சீட்டுப் போட்டு முடித்தாயிற்று. ஒன்றிலிருந்து பதினாறு வரை எழுதிய சீட்டுகளைக் காணிக்கைத் தட்டில் போட்டு, சகாய மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து, பரிசுத்த ஆவி பாட்டுப் பாடினோம். சாமி ஆசீர் கொடுத்தார். சார்லஸ் வீட்டுப் பெயர்களை வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். சார்லஸுக்கு இரண்டாம் மனை. நமக்குப் பதினாலு. பக்கத்து வீட்டுப் பாத்திமா மேரிக்குப் பதினைந்து, தங்கராசு அண்ணனுக்குப் பதினாறு. பதின்மூன்று மணவாளன் வீட்டுக்கு. வரிசைக்கு நாலு மனை என்று நாலு வரிசை. நாங்கள் நாலு வீடும் கடைசி வரிசை, ஓடையை ஒட்டி.

சனிக்கிழமை நீ போன் செய்து உன் அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "வேலை முடியலண்ணா, சீட்டு போட்றாதீங்க" என்றாய். அவர் என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும். அடித்தளம் எழும்பும் வரை நீ வாசல்படி மிதிக்கக்கூடாது, போனும் கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கடிதம் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் கோபத்தில் ஞாயம் இல்லாமல் இல்லை பிரியா. போன வருஷம் நீதான் இங்கே வந்து, இனி வரும் வருஷங்களின் மழை என்று கோயில் சுவரில் உன் பல்கலைக்கழகப் படத்தைக் காட்டினாய். கடலூர் மாவட்டம் முழுக்க ஒரே பச்சை. மழை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்றாய். எங்கே போனாலும் அதே மழைதான் என்றால், ஆற்றோரத்தில் வருஷா வருஷம் பாத்திரத்தைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று, கேப்பர் மலைப் பக்கம் கோயிலுக்கு எழுதிவைத்த இடத்துக்குப் போக எல்லோரும் சம்மதித்தோம். வீடு கட்ட உதவியும் வந்திருக்கிறது. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளுக்குள் அடித்தளம் எடுக்காவிட்டால் அந்த உதவி வேறு பங்குக் கோயிலுக்குப் போய்விடும்.

இப்போது வந்து நிறுத்து என்றால் எப்படி? என்ன வேலை முடியவில்லை உனக்கு? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணி பெலிசியா

*

சிதம்பரம்
25 ஜூலை

அண்ணி,

உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் இட்லி ஆறும் வரை படித்தேன். பதினாலு என்ற எண்ணைப் பார்த்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத வந்துவிட்டேன்.

போன வருஷம் நான் தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தால் அவ்வளவுதான் சொல்ல முடியும். உலகம் முழுவதன் காற்றையும் மழையையும் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற மாடலில் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டுவார்கள். நான் காட்டியதில் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர். கடலூர், பண்ருட்டி, பெண்ணாடம், கீரப்பாளையம், நான் உட்கார்ந்திருக்கும் சிதம்பரம் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள். கொஞ்சம் வங்காள விரிகுடாவும் சேர்த்து. முழுக் கட்டத்துக்கும் ஒரே ஒரு மழை எண். அதற்குக் கரை எங்கே, மேடு எங்கே என்று தெரியாது. ஊரெல்லாம் பச்சையாக இருந்தது, ஊரெல்லாம் ஒன்று என்பதால் இல்லை. அந்தக் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாததால்.

இந்த வருஷம் நான் செய்வது, அந்தப் பெரிய மாடலிடமிருந்து காற்றையும் ஈரத்தையும் கடல் சூட்டையும் வாங்கி, நம் பகுதியை மட்டும் நாலு கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டித் திரும்பக் கணக்குப் போடுவது. இப்போது கரை தெரிகிறது. கடற்காற்று உள்ளே வந்து எங்கே முட்டி மேகமாக எழும்புகிறது என்று தெரிகிறது. வருஷத்து மொத்த மழை பழைய படத்தை விட்டு ரொம்ப விலகவில்லை. பெய்கிற விதம்தான் மாறுகிறது. கீரப்பாளையத்தில் மழைக்கும் மழைக்கும் நடுவில் இடைவெளி நீள்கிறது. அங்கே கவலை நாற்றுக்கு. கடலூருக்கு மேற்கே அந்த மேட்டுப் பகுதியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிற மழை அதிகமாகிறது. ஒரே மாவட்டத்தில் ஒருவருக்குத் தண்ணீரைச் சேர்க்க வழி வேண்டும், ஒருவருக்குத் தண்ணீரை விட வழி வேண்டும். ஒரே பச்சையைப் பார்த்து இரண்டு பேருக்கும் ஒரே யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேட்டில் கொட்டுகிற தண்ணீர் அந்த ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும் அண்ணி. இன்று அது காய்ந்த ஓடை. கடைசி வரிசையில் கடைக்கால் தோண்ட விடாதீர்கள்.

ஒன்று மட்டும். இது இன்னும் சரிபார்த்து முடியாத கணக்கு. என் ஆய்வை மேற்பார்க்கும் சுப்பிரமணியன் சார் ஒப்புக்கொள்ளாமல் வெளியே சொல்லக்கூடாது. யாரிடமும் காட்டாதீர்கள்.

பிரியா

*

சேசு மரி சூசை துணை

கடலூர்
30 ஜூலை

பிரியாவுக்கு,

நிறுத்து என்கிறாய். ஏன் என்று யாரிடமும் சொல்லாதே என்கிறாய். வாயைக் கட்டிவிட்டுக் கூவச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

நான் ஒருத்தியிடம் சொன்னேன். பாத்திமா மேரியிடம். பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள், எனக்கு அடுத்த மனை, சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். கத்தியைக் கீழே வைக்காமலே, "பதினாலுக்குப் பதிலா உனக்கு ரெண்டு விழுந்திருந்தா, இந்த மழ வந்திருக்குமா பெலிசியா?" என்றாள். வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொல்லும்போதும் அதே கேள்விதான் ஓடியது.

அவள் யாரிடம் சொன்னாளோ, மறுநாள் தெருக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் சார்லஸ் எல்லோர் எதிரிலும், "என்னாக்கா, உங்க நாத்தனா கம்ப்யூட்டர்ல உங்க மனையில மட்டுந்தான் மழ பெய்யுதாமே? எங்களுக்கும் கொஞ்சம் தூறச் சொல்லுங்க" என்றார். சிரிக்காதவர் இல்லை. எங்களோடு கடைசி வரிசையில் மனை விழுந்த மணவாளனும் சிரித்தார். உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டில், "மாதா முன்னாடி வெச்சு எடுத்தது. உன் கையாலயே எடுத்தது. அத மாத்தச் சொல்றதுக்கு நீ யாரு, அவ யாரு?" என்றார். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு மட்டும் நடக்கிறது.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டேனா என்று சொல். வீட்டு எண்ணெய்க் கணக்கை மாதக் கடைசியில் முப்பதால் வகுப்பேன். தினத்துக்கு இவ்வளவு என்று வரும். அந்தக் கணக்கில் தப்பே இருக்காது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதிரசம் சுடும்போது அந்தச் சராசரி எண்ணெயை ஊற்றினால் வாணலியில் அடிதான் பிடிக்கும். உன் பழைய படம் முப்பதால் வகுத்தது. புதுப் படத்தில் அதிரசம் சுடுகிற நாள் தெரிகிறது. சரியா?

சரி என்றால் மூன்று விஷயத்துக்குப் பதில் வேண்டும். ஒன்று, நாலு கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கள் பதினாறு மனையும் அடங்கிப்போகும். பிறகு மேல் வரிசை நல்லது கீழ் வரிசை ஆகாது என்று உன் மாடல் எப்படிச் சொல்கிறது? இதைக் கேட்டால் சார்லஸிடம் நான் என்ன சொல்வேன்? இரண்டு, பெரிய மாடலிடம் வாங்கித்தானே நீ சின்னக் கணக்குப் போடுகிறாய்? பெரியதே பிசகு என்றால்? மூன்றாவதை உன்னிடம் கேட்பது சரியா தெரியவில்லை. ஜெபம் பண்ணி எடுத்ததை, கணக்குப் பண்ணி மாற்றலாமா?

நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுது.

அண்ணி

*

சிதம்பரம்
5 ஆகஸ்ட்

அண்ணி,

அதிரசம் சரி. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. சாரிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு வாணலி படம் ஒன்றைப் பலகையில் போட்டார். பிறகு, "உங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லுங்க. ஆனா சந்தேகத்தையும் சேத்துச் சொல்லணும். அத விட்டுட்டா அது பொய்" என்றார். அதனால் இனி நீங்கள் மறைக்க வேண்டாம்.

முதல் கேள்வி. மாடல் மனை எண் சொல்லாது. அது மழையை மட்டும் சொல்லும். விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்பதை நில மட்டம் சொல்லும். கோயில் இடத்துக்கு எடுத்த மட்டப் படத்தை ஜேக்கப் சாமி போன வருஷமே எனக்கு அனுப்பியிருந்தார். மேல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறக்கம் இருக்கிறது. மழையை அதன் மேல் ஓடவிட்டுப் பார்த்தேன். மேல் மூன்று வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை. நாலாவது வரிசை ஓடையாகிவிடுகிறது. அது நம் வீடாக இல்லாமல் சார்லஸ் அண்ணன் வீடாக இருந்தாலும் அப்படித்தான் ஓடும்.

இரண்டாவது. நீங்கள் கேட்டதுதான் இந்த வேலையில் எல்லோரும் பயப்படுகிற கேள்வி. பெரியது பிசகினால் சின்னது அந்தப் பிசகையே இன்னும் தெளிவாகப் போட்டுக் காட்டும். அதனால் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று மூன்று வெவ்வேறு பெரிய மாடல்களிடம் வாங்கித் தனித்தனியாக ஓட்டினேன். இரண்டில் கொட்டும் மழை நன்றாகவே அதிகமாகிறது. மூன்றாவதில் கொஞ்சம்தான். மூன்றில் எதுவும் குறையும் என்று சொல்லவில்லை. எந்த வருஷம், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவளாவதற்குள் ஒரு முறையாவது வரும் என்பதைத் துணிந்து சொல்லலாம். வராமலும் போகலாம். வராமல் போனால் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பூசைக்குப் போய் நாளாயிற்று, உங்களுக்குத் தெரியும். அண்ணன் என்னைக் கூப்பிடாமல் சீட்டுப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கும் தெரியும்.

17ஆம் தேதி ஞாயிறு நான் வருகிறேன். வாசல்படி மிதிக்கவில்லை, கோயிலுக்குத்தானே வருகிறேன். நானே நின்று சொல்கிறேன்.

பிரியா

*

சேசு மரி சூசை துணை

கடலூர்
10 ஆகஸ்ட்

பிரியாவுக்கு,

வராதே.

நீ வந்து நின்றால் அது உன் அண்ணனுக்கும் உனக்கும் நடக்கிற சண்டையாகிவிடும். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும், ஓடையை யாரும் பார்க்க மாட்டார்கள். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நீ சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பு. பெரிய வார்த்தை வேண்டாம். உன் சார் சொன்ன சந்தேகத்தையும் போடு. ஜேக்கப் சாமியிடம் பேசிவிட்டேன். பூசை முடிந்து வாசிக்கலாம் என்றார். அதற்கு மேல் அவர் பேச மாட்டாராம், முடிவு தெருக்காரர்களுடையது என்கிறார்.

சார்லஸ் 18ஆம் தேதி மண் அள்ளும் வண்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஞாயிறைத் தவற விட்டால் மறுநாள் தோண்டிவிடுவார்கள்.

அண்ணி

*

சிதம்பரம்
12 ஆகஸ்ட்

அண்ணி,

பக்கம் உள்ளே இருக்கிறது. கோபம் வந்தது. வரவில்லை என்று எழுத மாட்டேன். நான் செய்த வேலையை நானே நின்று சொல்லக்கூடாது என்றால், பின் யாருக்காக இதைச் செய்கிறேன்?

என் பெயரைப் போடாமல் அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு போட்டுவிட்டேன். நாளைக்குத் தப்பாகிப் போனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

என்ன நடந்தாலும் அன்றே எழுதுங்கள்.

பிரியா

*

சேசு மரி சூசை துணை

கடலூர்
18 ஆகஸ்ட்

அன்பு பிரியா,

அன்றே எழுதச் சொன்னாய். நேற்று எழுத முடியவில்லை. வந்து படுத்துவிட்டேன்.

உன் பக்கத்தை நான்தான் வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. "வராமலும் போகலாம்" என்று நீ எழுதிய இடத்தில் மணவாளன், "அப்பறம் என்னா, வராமலே போவட்டும்" என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள்.

உன் அண்ணன் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சார்லஸ் எழுந்தார். "அக்கா, மரியாதையாவே கேக்குறேன். மாதா காலடியில வெச்சு எடுத்த சீட்டு. அப்ப அது பொய்யா?" என்றார்.

உன்னிடம் கேட்டு உனக்குப் பதில் தெரியாமல் போன அதே கேள்வி. எத்தனையோ நாள் அதை மனசில் போட்டு உருட்டியிருக்கிறேன். வாசித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் எனக்குப் பதில் வந்தது, யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். சொன்னேன்: "பொய்யில்ல சார்லசு. நாம ஆண்டவர்கிட்ட எந்த வீட்டுக்கு எந்த மனைன்னு கேட்டோம். அதுக்குப் பதில் குடுத்தாரு. அந்த எடத்துல வீடு கட்டலாமான்னு நாம கேக்கவேயில்ல. கேக்காததுக்கு அவர எப்படி சாட்சி இழுக்கிறது?"

ஜேக்கப் சாமி குனிந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு சார்லஸ், "சரி, கீழ் வரிசய விட்டுட்டா? பன்னெண்டு மனை எடத்துல பதினாறு வீடா? எங்க எடத்த வெட்டி உங்களுக்குக் குடுக்கணும். சுத்தி சுத்தி அங்கதான வர்றீங்க?" என்றார். பெஞ்சுகளில் முணுமுணுப்பு. பாத்திமா மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதே கேள்விதான், கத்தி மட்டும் கையில் இல்லை.

அங்கே நின்றபடி நான் ஒரே ஒரு கணக்குப் போட்டேன் பிரியா. நான் இந்த மனைக்காரியாக இருக்கும் வரை நான் சொல்கிற மழையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

"எங்க வீட்டு பேர எடுத்துடுங்க" என்றேன். "எங்களுக்கு மேலயும் வேணாம் கீழயும் வேணாம். பதினஞ்சு வீடு பன்னெண்டு மனை எடத்துல கட்டுங்க. ஆளுக்கு மூணு சென்ட்ல அர சென்டுக்குக் கொஞ்சம் மேல கொறையும், அவ்ளோதான். ஓடைய ஒட்டி மட்டும் யாரும் கட்டாதீங்க. இப்ப எனக்கு அங்க ஒண்ணுமில்ல. இப்ப சொல்லுங்க, அந்த மழ யாருக்குப் பெய்யுது?"

உன் அண்ணனைக் கேட்காமல் சொன்னேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனால் என்ன நடக்குமோ என்று நினைத்தபடி உன் பக்கத்தை மடித்தேன்.

"அக்கா, நான் அதுக்குச் சொல்லல" என்றார் சார்லஸ். "உக்காரு பெலிசியா, உக்காரு" என்று பாத்திமா மேரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அழுதாள். முதலில் சம்மதம் சொன்னது கடைசி பெஞ்சில் இருந்த உத்திராபதி. அவருக்கு ஐந்தாம் மனை. "என் மனையில வெட்டிக்குங்க. மூணு சென்ட்டு பெருக்கித் தள்ளவே எங்க வீட்டுல ஆளில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இரண்டு பேர் கை தூக்கினார்கள், பிறகு இன்னும் சிலர். சார்லஸ் கடைசியில் தூக்கினார். தூக்கினார், அதைச் சொல்ல வேண்டும். எங்கள் பெயரை எடுக்க வேண்டாம், பதினாறாகவே வெட்டிக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். திரும்ப வாங்கிக்கொண்டால் நான் வாசித்ததெல்லாம் அதற்குத்தான் என்று ஆகிவிடும். ஒரு மழை வராத வருஷம் போதும், அந்தப் பேச்சு எழும்புவதற்கு. அந்த ஓடையோரத்திலும் யாராவது சுவர் எழுப்பிவிடுவார்கள்.

இன்று காலை வண்டி வந்து மேல் மூன்று வரிசைக்கு மட்டும் தோண்டுகிறது. ஓடையோரம் அப்படியே கிடக்கும். மாதா பிறந்த நாளன்று சாமி வந்து அடித்தளத்தை மந்திரித்து ஆசீர் கொடுப்பார், தேதி மாறவில்லை.

உன் அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. திட்டவும் இல்லை. காலையில் ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், பின்பக்கம் ஒழுவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, கோபம் என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திமா மேரி போய்விடுவாள், தங்கராசு அண்ணன் போய்விடுவார், பதினைந்து வீடும் போன பிறகு இந்த ஆற்றோரத்தில் விளக்கு எரிகிற வீடு நம்முடையது ஒன்றுதான். உன் படத்தில் கேப்பர் மலைக் கட்டத்தைப் பற்றி எல்லாம் எழுதினாய். கீரப்பாளையம் பற்றிக்கூட எழுதினாய். நம் தெரு இருக்கிற கட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எல்லோரும் கிளம்பப் போகிற இடம்தானே என்று பார்க்காமல் விட்டாயா, இல்லை பார்த்துவிட்டுத்தான் எழுதாமல் இருக்கிறாயா?

அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று சந்தேகத்தோடு சேர்த்து எழுது. உன் அண்ணனும் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்துக்கு முன், சீக்கிரம் பதில் போடு.

அண்ணி பெலிசியா